மார்ச் மாத மூடுபனி

மூன்றாவது இரங்கலையும் கௌதமன் அழித்து முடித்தபோது ஹாலில் அப்பாவுக்கு மாலை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அதை எழுதியவர் ஜனக்புரியில் இருக்கும் யாரோ. சாரின் ஆன்மா சாந்தியடையட்டும் என்று ஆங்கிலத்தில் எழுதி நான்கு ஆச்சரியக்குறி போட்டிருந்தார். இரங்கலைச் செத்தவருக்கே எழுதி அனுப்பும் வழக்கம் எப்போது வந்தது என்று கௌதமனுக்குத் தெரியவில்லை. பக்கத்துக் கட்டத்தில் டிக் போட்டு டிலீட்டை அழுத்தினான். கம்ப்யூட்டர் சற்று யோசித்தது. பிறகு அப்பாவின் ஆர்குட் பக்கம் பழையபடி ஆனது. மஃப்ளர் சுற்றிய போட்டோ, முன்னூற்றுப் பன்னிரண்டு நண்பர்கள், பிடித்தவை என்ற இடத்தில் 'நடை, செய்தித்தாள்'. அதைப் பார்க்கிறவர்களுக்கு அய்யாசாமி இன்னமும் மோதி பாகில் சௌக்கியமாக இருந்தார்.

கதவுக்கு அந்தப் பக்கம் அவர் பாயில் கிடந்தார். விடிகாலை ஐந்து மணிக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு "லீலா, தண்ணி" என்றார். அம்மா டம்ளரோடு வருவதற்குள் முடிந்துவிட்டது. டிஸ்பென்சரி டாக்டர் வந்து பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார். அழுது ஓய்ந்ததும் அம்மா முழுதாகச் சொன்ன முதல் வாக்கியம், "சிந்துக்குத் தெரியக்கூடாதுடா" என்பதுதான்.

சிந்து, கௌதமனின் அக்கா. மஸ்கட்டில் இருக்கிறாள். ஏழாவது மாதம். இதற்கு முன் இரண்டு தங்கவில்லை. கட்டிலைவிட்டு இறங்கவே கூடாது என்று டாக்டர் உத்தரவு. அவள் கணவன் அருள்ராஜ் வேலையாக சலாலா போயிருந்தான். கௌதமன் அவனுக்கு மட்டும் போனில் சேதியைச் சொன்னான்.

"நாளைக்குச் சாயங்காலம் வந்துருவேன் மாப்ள. நான் பக்கத்துல உக்காந்து சொல்லிக்கிறேன். அதுவரைக்கும் அவ தனியா கெடக்கா. எப்படியாச்சும் சமாளி."

போன் மட்டும் என்றால் சமாளித்துவிடலாம். சிந்து நாள் முழுக்க மடியில் லேப்டாப்போடு படுத்திருக்கிறவள். கல்யாணமாகிப் போகும்போது அப்பாவுக்குக் கம்ப்யூட்டர் வாங்கி வைத்து, தமிழ் எழுத்து இறக்கிக் கொடுத்து, ஆர்குட்டில் சேர்த்துவிட்டதே அவள்தான். எந்த இங்கிலீஷ் எழுத்தைத் தட்டினால் எந்தத் தமிழ் எழுத்து வரும் என்று அப்பா ஒரு தாளில் அட்டவணை எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டியிருந்தார். ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட, செக்ஷன் ஆபீசர் அட்டவணை. கீழ்க் கட்டத்தில் பாஸ்வேர்டையும் எழுதியிருந்தார். தினமும் காலை ஆறு மணிக்கு சிந்துவின் பக்கத்தில், எல்லாரும் பார்க்கிற மாதிரி ஒரு சேதி, ஆர்குட் பாஷையில் ஸ்க்ராப். நான்கு வரியைத் தாண்டாது. 'சாப்பிட்டாயா?' என்று முடியும். மஸ்கட்டில் அப்போது மணி நாலரை, நாலரைக்கு எவள் சாப்பிடுவாள் என்று கௌதமன் கேலி செய்வான்.

போன ஆகஸ்டில் அப்பா அவனுக்கும் நட்பு அழைப்பு அனுப்பியிருந்தார். அவன் ஏற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. ஆபீஸ் தோழர்களும் ஒன்றிரண்டு தோழிகளும் பார்க்கிற இடத்தில் அப்பா வந்து சாப்பிட்டாயா என்று கேட்டால் மானம் போகும் என்று அப்படியே விட்டுவிட்டான். அப்பாவும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. அந்த முன்னூற்றுப் பன்னிரண்டில் அவன் இல்லை என்பது இன்று காலை அந்த எண்ணைப் பார்த்தபோதுதான் உறைத்தது. நேற்று ராத்திரிகூட, "எந்திரிங்கப்பா, எனக்கு மெயில் பாக்கணும்" என்று அவரை இந்த நாற்காலியிலிருந்து எழுப்பியவன் அவன்தான்.

எட்டரைக்கு போன் அடித்தது. ஹாலில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். கௌதமன் போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்கு ஓடினான்.

"டேய், அப்பா எங்கடா? இன்னிக்கு ஸ்க்ராப்பே காணோம்?"

"நெட் படுத்துச்சுக்கா. இப்ப வந்துருச்சு. அப்பா பால் வாங்கப் போயிருக்காரு."

"வந்ததும் போடச் சொல்லு. அது வராம எனக்குப் பொழுதே விடியல. உன் குரல் என்ன ஒரு மாதிரி இருக்கு?"

"ஜுகாம்க்கா. ஹோலில நனைஞ்சது."

ஹோலி முடிந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. கீழே படிக்கட்டுச் சுவரெல்லாம் இன்னும் ரோஸ் நிறம். பொய்க்கு அது சௌகரியமாக இருந்தது.

இப்போது அப்பா பெயரில் ஒரு ஸ்க்ராப் போட்டாக வேண்டும். கௌதமனுக்குத் தமிழ் பேச வரும். படிப்பது எழுத்துக்கூட்டித்தான், எழுதுவது சுத்தமாக வராது. இரண்டாம் வகுப்போடு தமிழ்ப் பள்ளியிலிருந்து எடுத்து வேறு பள்ளியில் போட்டுவிட்டார்கள். அதனால் சிந்துவின் பக்கத்துக்குப் போய், அப்பாவின் பழைய ஸ்க்ராப்புகளில் சின்னதாக ஒன்றைத் தேடினான். ஜனவரியில் ஒன்று கிடைத்தது. 'சிந்து, இன்று கடும் மூடுபனி. பால் தாமதம். அம்மா நலம். சாப்பிட்டாயா?' மூடுபனி என்ற சொல்லை இரண்டு தடவை கூட்டிப் படித்தும் புரியவில்லை. பிறந்ததிலிருந்து இருபத்தெட்டு குளிர்காலத்தை டெல்லியில் கழித்தவனுக்கு அது கோஹ்ரா, இல்லாவிட்டால் ஃபாக். பால், அம்மா, சாப்பாடு எல்லாம் புரிந்தது. அது போதும் என்று நகலெடுத்து ஒட்டி அனுப்பிவிட்டான். வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

பத்து மணிக்குக் கீழ்வீட்டு சங்கரநாராயணன் உள்ளே எட்டிப் பார்த்தார். அப்பாவின் நடைத்தோழர். மூன்று மணிக்கு எடுப்பதாக இருநூறு பேருக்கு ஸ்க்ராப் போட்டவர் இவர்தான்.

"அங்கிள், யாரும் அப்பா பேஜ்ல எழுத வேணாம்னு சொல்லிருங்க, ப்ளீஸ். அக்கா பாத்துருவா."

அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். "அய்யோ, எனக்குத் தோணவே இல்லையே தம்பி. இன்னிக்குத் திங்கக்கிழமை, எல்லாரும் ஆபீஸ் போயிருவாங்க. மூணு மாடி எறக்கணும். ஊர்லேருந்து யாரும் வந்து சேர முடியாது. நாலு பேருக்கு எங்க போறதுன்னுதான் போட்டேன். மறுபடி சொல்லிப் பாக்குறேன், எத்தன பேரு பாப்பாங்களோ."

கௌதமனுக்கும் காலையிலிருந்து அந்த நாலு பேர் கவலைதான். அவன் போன் செய்த ஆபீஸ்காரர்களில் ஒருவன் மட்டும் வருகிறேன் என்றிருந்தான்.

ஆனால் பதினொரு மணியிலிருந்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். கரோல் பாகிலிருந்து, முனீர்காவிலிருந்து, நொய்டாவிலிருந்துகூட. வந்த ஒவ்வொருவரும் செருப்பை வாசலில் விட்டுவிட்டு, "ஆர்குட்ல பாத்தேன்" என்றார்கள். அப்பாவை நேரில் பார்ப்பதே இன்றுதான் முதல்தடவை என்று இரண்டு பேர் சொன்னார்கள். ஒருவர் ஆபீஸ் அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றாமலே மூங்கில் கட்ட உட்கார்ந்துவிட்டார்.

அவர்கள் வர வர, வர முடியாதவர்கள் அப்பாவின் பக்கத்தில் எழுதினார்கள். கௌதமன் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை உள்ளே போய்ப் படித்து அழித்தான். படிக்காமல் அழிக்கலாம்தான், கை வரவில்லை. மந்திர் மார்க் தமிழ்ப் பள்ளியில் தன் பெண்ணுக்கு இடம் வாங்க அப்பா இரண்டு நாள் கூடவே வந்து நின்றதாக ஒருவர் எழுதியிருந்தார். அழித்தான். பென்ஷன் விண்ணப்பத்தை அப்பாதான் திருத்திக் கொடுத்தார் என்று ஒரு விதவை. அழித்தான். 'ஹாஸ்டலில் காய்ச்சலில் கிடந்தபோது, முகம் தெரியாத அய்யாசாமி அங்கிள் பஸ் ஏறி ரசம் கொண்டுவந்தார்' என்று ஒரு மாணவி. அந்த ரசம் கௌதமனுக்கு ஞாபகம் இருந்தது. அம்மா தூக்கில் ஊற்றிக் கொடுத்தாள். "இந்த வெயில்ல எவளுக்கோ ரசமா?" என்று அவன் சிரித்ததைப் பார்த்தபடியே அப்பா படி இறங்கிப் போனார். அதையும் அழித்தான். அப்பாவைப் பற்றி யாரும் அவனிடம் சொல்லாததையெல்லாம் ஒரே பகலில் தெரிந்துகொண்டு, தெரிந்த கையோடு அழித்துக்கொண்டிருந்தான். கண்ணைத் துடைத்துக்கொள்ளவும் நேரமில்லை. பதினேழு வரை எண்ணினான். சிந்துவிடமிருந்து போனும் இல்லை, பதிலும் இல்லை. நம்பிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டான்.

இரண்டரைக்கு வாய்க்கரிசி. அம்மா ஒரு பிடி எடுத்துப் போட்டாள். நகரவில்லை. மறுபடி ஒரு பிடி எடுத்து, குனிந்து, அப்பாவின் காதருகே, "இது சிந்து போடுறது" என்றாள். அடையாள அட்டைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மாடிப்படியில் தோள் மாற்றத் தளத்துக்கு நாலு பேர் நின்றார்கள். கௌதமன் தீச்சட்டியோடு முன்னால் இறங்கினான். லோதி ரோடு மின்மயானத்தில் முன்னால் இன்னும் இரண்டு பேர் இருந்ததால் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த நேரம் முழுக்க அவனுக்கு அப்பாவின் பக்கம் கவனிப்பாரற்றுக் கிடக்கிறதே என்ற நினைப்புத்தான். மகன் அழ வேண்டிய இடத்தில் மணி பார்த்துக்கொண்டு நின்றது அவனுக்கே அசிங்கமாக இருந்தது.

வீடு திரும்ப ஆறாகிவிட்டது. கழுவிவிட்ட ஹாலில் விளக்கு எரிந்தது. பக்கத்து வீட்டு வர்மா ஆண்ட்டி பாசிப்பருப்புக் கிச்சடி செய்து கொண்டுவந்து வைத்திருந்தாள். யாரும் மூடியைத் திறக்கவில்லை. குளித்த ஈரத்தோடு கௌதமன் நேராகக் கம்ப்யூட்டரிடம் போனான்.

புதிதாக ஏழு ஸ்க்ராப். ஆறு இரங்கல்கள். எல்லாவற்றுக்கும் மேலே, கடைசியாக வந்தது சிந்துவுடையது. தமிழில் இருந்தது. அப்பாவுக்கு எழுதிய பதில் என்று நினைத்து, விரலைத் திரையில் வைத்துக் கூட்டினான்.

முதல் சொல்லே அவன் பெயராக இருந்தது.

'கௌதமா, மார்ச் மாசத்துல டெல்லியில மூடுபனியாடா? பத்து மணியிலேருந்து, நீ அழிக்கிறதுக்கு முந்தி ஒவ்வொண்ணாப் படிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். எல்லாத்தையும் எடுத்து வச்சிருக்கேன். நான் படுத்தேதான் இருக்கேன், எந்திரிக்கல. பயப்படாதே. இனிமே அழிக்காதே. சாப்பிட்டாயா?'

அவன் வேகத்துக்கு அதைப் படித்து முடிக்க வெகுநேரம் ஆனது. கடைசிச் சொல்லை மட்டும் கூட்டிப் படிக்க வேண்டியிருக்கவில்லை.

அம்மா வாசற்படியில் வந்து நின்றாள். "சிந்துவா? என்ன எழுதியிருக்கா?"

"சாப்ட்டியான்னு கேக்குறா."

"அப்பா சாப்ட்டாச்சுன்னு போட்டுரு."

"என்னையக் கேக்குறாம்மா."

"உன்னையா?"

"ம்."

அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். தெருவில் காய் விற்கிற சப்ஜிக்காரன் கூவிக்கொண்டு போனான்.

"எந்திரிச்சு கிந்திரிச்சு நடக்கலியே அவ?"

"இல்லியாம். படுத்தேதான் இருக்காளாம்."

அம்மா சமையலறைக்குப் போனாள். மூடி திறக்கும் சத்தம் கேட்டது. கிச்சடியை ஒரு தட்டில் போட்டுக்கொண்டு வந்து, கீபோர்டைச் சற்றுத் தள்ளி வைத்துவிட்டு, அந்த இடத்தில் தட்டை வைத்தாள்.

"அவ சாப்ட்டாளான்னு கேளு" என்றாள்.

கௌதமன் கீபோர்டை மடிக்கு எடுத்துக்கொண்டான். மானிட்டர் ஓரத்தில் அப்பா ஒட்டியிருந்த தாளில், ஸ்கேல் கோடுகளுக்கு நடுவே, 'சா' எங்கே இருக்கிறது என்று தேட ஆரம்பித்தான்.