மேட்டுத் தோட்டத்து அறுவடை நாள்

“இந்த வருஷம் மேட்டுத் தோட்டத்துக்கு நாள் நான் குறிக்கிறேன், ஐயா.”

இதை மட்டும் முதலாளியிடம் கேட்டுவிடாதே என்று அவள் அப்பா காலையில்கூடச் சொல்லி அனுப்பியிருந்தார். அவர் அந்த ஒயின் ஆலையில் திராட்சைக் கொடிகளை வெட்டிவிடும் கவாத்து வேலைக்கு மேஸ்திரி. இருபத்தெட்டு வருஷத்தில் முதலாளியிடம் வாய்விட்டுக் கேட்டது ஒன்றே ஒன்று, மகளுக்கு வேலை. மேஸ்திரி வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் அவள். திராட்சைச் சாகுபடியில் பட்டம். அதனால் ஆலை முழுக்க அவளுக்கு ‘டிகிரி’ என்றே பேர். பாதி பெருமை, பாதி கேலி.

ஆலைக்குத் தோட்டங்கள் மூன்று. ஆற்றோர வண்டலில் வெள்ளைத் திராட்சை. யார் கை பட்டாலும் காய்த்துத் தள்ளும். செம்மண்ணில் கேபர்னே என்ற கறுப்புத் திராட்சை. சரளைக்கல் சரிவான மேட்டில் ஷிராஸ் ரகம். அதில் கொடிக்கு நாலு கொத்து தேறினால் அதிகம், ஆனால் ஆலையின் பேரே அந்த நாலு கொத்தில்தான் நின்றது. அறுவடைக்கு நாள் குறிப்பவரின் பெயரைத் தேதியோடு கரும்பலகையில் எழுதுவார்கள். அதே பெயர் பாட்டிலின் பின்பக்கத்திலும் ஏறும்.

முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “உனக்குத்தான் ஆத்தோரம் குடுத்திருக்கேனேம்மா.”

“ரெண்டு வருஷம் பார்த்தாச்சு, ஐயா.”

“மேடு பாப்பாவுக்கு.”

பாப்பா அவருடைய மகள். வயசு இருபத்தாறு. டிகிரியின் வகுப்புத் தோழி; டிகிரியின் நோட்டைப் பிரதி எடுத்துத்தான் பாஸானாள். போன வருஷம் செம்மண் தோட்டத்துக்கு ஒரு வாரம் தாமதமாக நாள் குறித்ததில் பழமெல்லாம் கொடியிலேயே சுருங்கிப்போனது. “சரி விடு, அனுபவம்” என்று முதலாளி சிரித்தார். அன்றைக்குப் பற்றிய வயிறு டிகிரிக்கு இன்னும் அணையவில்லை. பாப்பாவின் காரைப் பார்த்தோ செருப்பைப் பார்த்தோ அல்ல. தப்பு செய்து பழக ஒருத்திக்கு ஒரு தோட்டமே கிடைக்கிறதே, அதைப் பார்த்து. தான் ஒரு கொத்து வீணாக்கினால் ‘மேஸ்திரி பொண்ணு, வேற எப்படி இருக்கும்’ என்று முடித்துவிடுவார்கள்.

கதவைத் தள்ளிக்கொண்டு பாப்பாவே வந்தாள். மேசைமேல் ஒரு பை நிறையப் பழத்தையும் இனிப்புமானியையும் வைத்தாள்.

“இனிப்பு இருபத்துநாலு வந்துடுச்சுப்பா. நாளைக்கே அறுத்துடலாம்.”

டிகிரி பையைப் பார்த்தாள். பழத்தின்மேல் சாம்பலாய்த் தூசி. மேட்டில் தூசி படிவது ரோட்டோரத்து இரண்டு வரிசையில் மட்டும்தான். அவை வெயிலை முழுசாக வாங்கி முந்திப் பழுத்துவிடும். மகாராணி காரை நிறுத்தி, கைக்கு எட்டியதைப் பறித்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

பேசாமல் இருந்தாலே போதும். மேடு மொத்தமும் துவர்ப்பாகத் தொட்டியில் இறங்கும், பாட்டிலுக்குப் பின்னால் பாப்பாவின் பெயர் பல்லிளிக்கும். அந்த நினைப்பு நாக்கில் இனித்தது. முதலாளி சாக்பீஸை எடுத்தார். டிகிரிக்கு உள்வரிசைப் பழத்தின் பச்சை விதை கண்முன் வந்து நின்றது. பொறுக்கவில்லை.

“எந்த வரிசையில எடுத்தே?”

“ரோட்டுப் பக்கம். ஏன்?”

“உள்ள பத்தொன்பதரைதான். நேத்து பார்த்தேன். விதைகூடப் பழுக்கல. இன்னும் ஒன்பது நாளாவது ஆகும்.”

பாப்பாவின் முகம் சுருங்கி உடனே மலர்ந்தது. தோற்றுப் பழக்கமில்லாததால் தோற்றதே அவளுக்குத் தெரியவில்லை. “நல்லவேளை சொன்னே. ஒன்பது நாள் தள்ளிடலாம்ப்பா.”

“சொன்னா கேட்டுக்கிற குணம் இருக்கு பாரு, அதுதான் வேணும்.” முதலாளி மகளின் தோளைத் தட்டினார். புதுத் தேதியை எழுதி, பக்கத்தில் மகளின் பெயரை முழுசாக எழுதினார். “நீயும் கூட இருந்து பார்த்துக்கோம்மா. உங்கப்பா மாதிரி.”

“அப்பா மாதிரின்னா?”

“பேரு கீருன்னு பார்க்காம.”

டிகிரி ஆய்வறைச் சாவியை மேசைமேல் வைத்தாள். “நாளையிலேர்ந்து வரமாட்டேன், ஐயா.”

“ஏய், இதுக்கா?” என்றாள் பாப்பா. “பாட்டிலுக்குப் பின்னாடி யாருடி படிக்கிறாங்க?”

“யாரும் படிக்கலேன்னா என் பேரைப் போட்டுட்டுப் போறதுதானே.”

முற்றத்தில் அப்பா கவாத்துக் கத்தரிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்தார். “கேட்டுட்டியா?”

“கேட்டேன். வேலையையும் விட்டுட்டேன்.”

“அவசரப்படாதே. நான் போய் ஒரு வார்த்தை பேசிட்டு...”

“எனக்காக அவர்கிட்ட இனிமே எதுவும் கேட்காதீங்கப்பா.”

அவர் கத்தரியைக் கீழே வைப்பதற்குள் அவள் வாசலைத் தாண்டியிருந்தாள்.