நடுக்கப்பாய் நின்ற செடி

2022 நவம்பர் 16ஆம் திகதி பகல், மல்லாவியில் விமலேஸ்வரியின் வீட்டு முகட்டைத் தாங்கி நின்ற நடுக்கப்பு கறையான் தின்று முறிந்து விழுந்தது, கூரை விழவில்லை. பக்கத்தில் பெயின்ற் வாளிக்குள் முழங்கால் உயரத்தில் நின்ற முட்செடி, கப்பு தரையைத் தொடுமுன் வளர்ந்து முகட்டு வளையைத் தலையில் ஏந்திக்கொண்டது. விமலேஸ்வரி தையல் மெஷினிலிருந்து எழுந்து, விழுந்த மரத்தை விறகுக்கு இழுத்துப் போட்டுவிட்டு, மிச்சச் சட்டையைத் தைத்து முடித்தார்.

மூன்று வருடங்களுக்கு முன் மகள் யதுர்ஷிகா வவுனியாவிலிருந்து விரலளவு துண்டாகக் கொண்டுவந்த செடி அது. மணலில் கரித்தூள் கலந்து நட்டு, மாரி தொடங்கினால் வீட்டுக்குள் எடுத்து, அழுகவிடாமல் வளர்த்தவர் விமலேஸ்வரி. முகட்டைத் தாங்கியதில் ஊருக்குக் குறையில்லை. அது என்ன செடி என்பதில்தான் சிக்கல் வந்தது. அயல்வீட்டுப் பொன்னையா அண்ணாந்து பார்த்தார்.

"கள்ளி, பிள்ளை. கள்ளி நிக்கிற வீட்டில குடும்பம் தங்காது. வெட்டிப்போடு."

"வெட்டினால் முகட்டை நீங்களோ தாங்கப்போறியள், அண்ணை?"

கதை பரவியது. தைக்கத் துணி கொண்டுவருபவர்கள் படலைக்கு இப்பால் வரவில்லை. செடியை வெட்டினால் மழைக்குக் கூரையில்லை. விட்டால் உலைக்கு அரிசியில்லை.

"இது கள்ளியில்லை, கக்டஸ்," என்றாள் யதுர்ஷிகா. "கள்ளியெண்டால் முள்ளு சோடியாய் நிக்கும், குத்தினால் பால் வரும். இதில பாருங்கோ, ஒவ்வொரு முள்ளுக் கொத்துக்கும் அடியில பஞ்சு மெத்தை."

"மெத்தையில படுத்தாலும் கள்ளி கள்ளிதான்," என்றார் பொன்னையா. "குத்திப் பாப்பம். பால் வந்தால் வெட்டுறது."

விமலேஸ்வரி சம்மதித்தார். ஞாயிறு காலை ஊர் படலையில் நிற்க, தையல் ஊசியால் குத்தினார். பால் வந்தது. பொன்னையா கோடரியை எடுத்தார். பால் நிற்கவில்லை. விமலேஸ்வரி செம்பைப் பிடித்தார், நிறைந்தது. இளஞ்சூடாக, பசும்பால் மணத்தது. நிலத்தில் சிந்தியதைப் பூனை நக்கிவிட்டு இன்னும் கேட்டுக் கத்தியது.

போர் முடிந்து மீளக்குடியேறிய அவசரத்தில் அந்த வீட்டில் பால் காய்ச்சவேயில்லை என்பது அப்போதுதான் விமலேஸ்வரிக்கு நினைவு வந்தது. செடியின் அடியில் மூன்று கல் வைத்துப் புதுப்பானையில் காய்ச்சினார். பால் கிழக்கே பொங்கி வழிந்தது. பால் பொங்கிய வீட்டில் குடும்பம் தங்காது என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. பொன்னையா கோடரியைக் கதவோரம் சாத்திவிட்டு இரண்டு தரம் தேத்தண்ணி வாங்கிக் குடித்தார். சீனி காணாது என்றார்.

பின்னேரம் மூன்று சட்டைத் துணிகள் வந்தன. செடியை யதுர்ஷிகா இன்னும் கக்டஸ் என்கிறாள், பொன்னையா கள்ளி என்கிறார். முறிந்த நடுக்கப்புக்குப் பதிலாகத் தையில் ஆசாரி கொண்டுவந்த முதிரைமரக் கப்பை விமலேஸ்வரி ஆட்டுக் கொட்டிலுக்குப் போட்டார்.