கடைசி பெஞ்சிலிருந்து ஒரு சந்தேகம்

முதல் வரிசையில் எனக்கு இடம் வேண்டும் என்று சின்னவள் வகுப்பு தொடங்கிய அன்றே மேடைக்கு நேராகப் போய் நின்று கேட்டாள். எதைக் கேட்கவே கூடாது என்று அவளுடைய அப்பா படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தாரோ, அதைத்தான் கேட்டாள். அந்தப் பல்கலைக்கழகத்தின் பெரிய அரங்கில், மேடையில் பேசுகிற குரல் கடைசி பெஞ்சுக்கு வந்து சேர ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் ஆகும். மழைக்காலமாக இருந்தால் ஈரத்தில் கொஞ்சம் கூடுதலாகவும் ஆகும். பட்டம் வாங்க மூன்று ஆண்டுகள் போதும் என்பதால், கடைசி பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் தங்களுக்கு நடத்தப்பட்ட முதல் நாள் பாடத்தைக்கூடக் கேட்காமலே படிப்பை முடித்துக்கொண்டு போனார்கள். அவர்கள் கேட்டதெல்லாம் அவர்களுக்கு முன்னால் படித்தவர்களுக்கு நடத்திய பாடம். எழுதியதெல்லாம் நடப்பு ஆண்டின் தேர்வு.

கட்டியபோது அரங்கு இப்படி இருக்கவில்லை. பிள்ளைகளுக்கு இடம் போதவில்லை என்ற கூச்சல் எழும்போதெல்லாம் புதிதாக ஓர் அரங்கு கட்டாமல், இருந்த அரங்கின் பின்சுவரை இடித்து இன்னும் கொஞ்சம் நீட்டினார்கள். நீட்ட நீட்ட, குரல் நடந்து வர வேண்டிய தூரமும் கூடியது. ஒலிபெருக்கி வைத்தால் என்ன என்று கேட்டவர்கள் உண்டு. வைத்தார்கள். பழைய பாடம் சத்தமாகக் கேட்டது, அவ்வளவுதான். நடுவில் இருப்பவர்களுக்கு மேடையில் இருப்பவரின் வாய் இன்றைக்கு அசையும், காதில் விழுவது வேறெதுவோவாக இருக்கும். ஓர் ஆசிரியர் மாரடைப்பில் போய்ச் சேர்ந்த பிறகும் கடைசி வரிசைக்கு அவர் ஒழுங்காகப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். நல்ல ஆசிரியர்தான். அவர் செத்ததே அந்தப் பிள்ளைகளுக்கு நெடுநாள் தெரியாது.

முன் வரிசையில் இடம் வேண்டுவோர் எழுந்து நிற்கலாம் என்று ஆண்டுதோறும் முதல் நாள் மேடையிலிருந்து அறிவிப்பார்கள். யாருக்கும் மறுப்பதில்லை என்று பல்கலைக்கழகம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும். அந்த அறிவிப்பு கடைசி பெஞ்சுக்கு வந்து சேரும்போது, எழுந்து நிற்க வேண்டியவர்கள் எங்கேயாவது வேலைக்கு அலைந்துகொண்டிருப்பார்கள். முன்னால் உட்கார்ந்தவர்களின் பிள்ளைகள் முன்னால் உட்கார்ந்தார்கள். பின்னால் உட்கார்ந்தவர்களுக்கு 'பழைய பேப்பர்' என்று பெயர் வைத்தார்கள்.

சின்னவளின் அக்கா பழைய பேப்பராகத்தான் அங்கே படித்தாள். அவர்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகத்துக்குப் போன முதல் ஆள் அவள். அப்பா சரக்கு நிலையத்தில் மூட்டை தூக்குகிறவர். அம்மா மருத்துவமனையில் துணி வெளுக்கிறவள். இரண்டு பேருமே வேலை செய்கிற இடத்தில் கூப்பிட்டால் மட்டும் பேசிப் பழகியவர்கள். பெரியவளையும் அப்படித்தான் வளர்த்தார்கள். பெரியவர்கள் கேட்டால் பேச வேண்டும், கேட்கலாமா என்று கேட்டுவிட்டுத்தான் கேட்க வேண்டும். முதல் ஆண்டுத் தேர்வு முடிவு வந்தபோது பெரியவள் ஒரு தாளில்கூடத் தேறவில்லை. அந்த வாரம் விடுதி அறையிலிருந்து அவள் நடந்து வெளியே வரவில்லை, தூக்கிக்கொண்டு வந்தார்கள். அப்போது சின்னவள் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள்.

உடலை வாங்கப் போன அப்பாவிடம் பல்கலைக்கழகத்தில் ஒருவர் வருத்தமாகவே சொன்னார்: "கேட்டிருந்தா சொல்லிக் குடுத்திருப்போமே. பொண்ணு ஒரு நாளும் வாயைத் தொறந்ததே இல்லைய்யா." அப்பா அந்த வார்த்தையை மூட்டை மாதிரி தூக்கி வந்து வீட்டில் இறக்கி வைத்தார். அதற்கப்புறம் அதை யாராலும் நகர்த்த முடியவில்லை. அம்மா துணி மடிக்கும்போதும், சோறு போடும்போதும், சும்மா இருக்கும்போதும் அதையே சொன்னாள். "ஒரு வார்த்தை கேட்டிருந்தா என்னடி கொறஞ்சு போயிருப்ப? வாயில்லாத ஜென்மத்தைப் பெத்து வெச்சிருந்தேனே." செத்துப்போன பெண்ணோடு ஒரு தாய் ஆண்டுக் கணக்கில் கோபித்துக்கொண்டிருப்பதை அக்கம்பக்கத்தில் எல்லாரும் பார்த்தார்கள்.

சின்னவளுக்கு அந்தப் பேச்சு அடியோடு பிடிக்கவில்லை. அக்காவை அவளுக்குத் தெரியும். ராத்திரி விளக்கை அணைத்த பிறகும் போர்வைக்குள் எதையாவது கேட்டுக்கொண்டே இருக்கிறவள் அக்கா. அவள் ஓர் ஆண்டு முழுக்க வாய் மூடிக்கொண்டு இருந்திருப்பாள் என்பதை நம்ப முடியவில்லை. ஒரு நாள் பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி, அவளும் பழைய பேப்பர்தான், அரங்கைப் பற்றிப் பேசும்போது சொன்னாள்: "மேடைக் குரல் பின்னாடி வர அத்தன வருஷம்னா, நம்ம குரல் முன்னாடி போகவும் அத்தன வருஷம்தானே?" அவள் சிரிப்புக்காகத்தான் சொன்னாள். சின்னவள் சிரிக்கவில்லை. விரலை மடக்கிக் கணக்குப் போட்டாள். அக்கா வாய் திறந்து கேட்டிருந்தால், சின்னவள் முதல் ஆண்டு சேரும்போது அது மேடையை நெருங்கியிருக்கும்.

அதனால்தான் அவள் முதல் வரிசை கேட்டாள். பேராசிரியர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். அவருக்கு மாணவர்கள் வைத்த பெயர் 'தண்ணி பாட்டில்'.

"யாரும்மா உன்ன இங்க வந்து கேக்கச் சொன்னது?"

"யாரும் சொல்லல சார். கேக்கக் கூடாதுன்னுதான் சொன்னாங்க."

விதியில் மறுக்க இடமில்லை. முதல் வரிசையின் ஓரத்தில், தூணுக்குப் பக்கத்தில் இருந்த இடத்தைக் கொடுத்தார். அன்று மாலையே அப்பா தொலைபேசியில் வந்தார். "இடம் கேட்டியாமே. ஏம்மா, இருக்கற எடம் தெரியாம இருந்துட்டு வந்தா ஆகாதா? ஒருத்திய அங்க குடுத்தது போதாதா எனக்கு?" என்றார். அவர் மூச்சு வாங்குவது கேட்டுக்கொண்டிருந்தது.

முதல் வரிசையில் பாடம் சுடச்சுடக் கிடைத்தது. ஆசிரியர் சொன்னதும் காதில் விழுந்தது, கேட்டதும் புரிந்தது. இவ்வளவு எளிதா இது என்று முதல் வாரம் அவளுக்கு ஆத்திரமாக வந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் புத்திசாலிகள் இல்லை, மேடைக்குப் பக்கத்தில் இருந்தார்கள், அவ்வளவே. இடையிடையே பின்னாலிருந்து குரல்கள் வந்து சேர்ந்தன. என்றோ யாரோ இருமிய இருமல், "உள்ள வரலாமா சார்" என்று தாமதமாக வந்த ஒருவனின் கெஞ்சல், பெண்களின் அடக்கிய சிரிப்பு, ஒரு கொட்டாவி. அவ்வப்போது கேள்விகளும் வந்தன. கேட்டவர்கள் இப்போது ஓட்டுநராகவோ, கடையில் துணி அளப்பவராகவோ, மூன்று பிள்ளைக்குத் தாயாகவோ இருப்பார்கள். கேள்வி வரும்போதெல்லாம் பேராசிரியர் நிறுத்தி, பாட்டிலைத் திறந்து இரண்டு வாய் தண்ணீர் குடிப்பார். குரல் ஓய்ந்ததும், "ஹால் சத்தம்" என்று சொல்லிவிட்டுத் தொடர்வார். அங்கே எல்லா ஆசிரியர்களும் அப்படித்தான் செய்தார்கள். பணியில் சேருகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிற முதல் வேலையே அதுதான். முன் வரிசைப் பிள்ளைகளும் அந்த நேரத்தில் பேனாவை மூடி வைத்து விரலை நெட்டி முறிப்பார்கள்.

சின்னவள் மட்டும் பேனாவை மூடவில்லை. பாடத்தை ஒரு காதிலும் ஹால் சத்தத்தை மறு காதிலுமாகக் கேட்டாள். மாதங்கள் போயின. ஒரு தடவை அக்காவின் தும்மல் வந்தது. அது அக்காவுடையதுதான், கடைசியில் ஒரு சின்ன விக்கலோடு முடிகிற தும்மல். அன்றைய தேதியை நோட்டின் ஓரத்தில் குறித்து வைத்தாள். இன்னொரு நாள் யாரோ அக்காவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அக்கா "ம்" என்றாள். பிறகு ஒன்றுமே இல்லை. மழைக்காலம் வந்து குரல்கள் இன்னும் மெதுவாயின. அக்காவின் முதல் ஆண்டு தீரத் தீர, அம்மா சொன்னதுதான் சரியோ என்ற பயம் அவளுக்குள் வந்து உட்கார்ந்தது. விடுமுறைக்குப் போனபோது அம்மாவின் முகத்தையே அவள் பார்க்கவில்லை. பார்த்தால் கேட்டுவிடுவாள்: நீ சொன்னது நிஜமா இருந்துட்டா நான் என்னம்மா செய்ய?

தேர்வுக்குச் சில வாரங்கள் இருக்கும்போது, ஒரு காலை வகுப்பில் அது வந்தது. பேராசிரியர் கரும்பலகையில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்.

"சார், ஒரு சந்தேகம். கேக்கலாமா?"

அக்காவின் குரல். அத்தனை தூரம் நடந்ததில் கொஞ்சம் தேய்ந்திருந்தது. மற்றபடி அதே குரல், அதே பயம். பேராசிரியர் பாட்டிலை எடுத்தார். அக்காவைச் சுற்றி இருந்தவர்கள் சிரிப்பதும் வந்து சேர்ந்தது. யாரோ ஒருத்தி சொன்னாள்: "ஏய், அது போய்ச் சேரவே நாளாகும். நீ பாட்டுக்குக் கேட்டுட்டு உக்காரு." அதற்கு அக்கா தணிந்த குரலில் சொன்னதும் தெளிவாக வந்தது: "அது மரியாதையா இருக்காது. கேளுன்னு சொல்லட்டும், அப்பறம் கேக்கறேன். அதுவரைக்கும் நிக்கறேன்."

அதற்குப் பிறகு குரல் இல்லை. மின்விசிறியின் பழைய சத்தம் வந்தது. பக்கத்துப் பெண் காகிதம் கிழிப்பது வந்தது. மணி அடிக்கும்வரை சின்னவள் காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். அந்தப் பெஞ்சில் யாராவது உட்கார்ந்தால் கிறீச்சென்று ஒரு சத்தம் வரும் என்று முன்பே கேட்டு வைத்திருந்தாள். அந்தச் சத்தம் வரவில்லை. மறுநாள் வகுப்பிலும் அக்கா ஒருமுறை "சார்" என்றாள், அவ்வளவுதான். அதற்கடுத்த நாள் அதுவும் இல்லை. என்ன சந்தேகம் என்பதை அவள் சொல்லவே இல்லை. அனுமதி கேட்டாள். அனுமதிக்காக நின்றாள். மேடையிலிருந்து வர வேண்டிய 'கேளு' வரவில்லை.

மூன்றாம் நாள் வகுப்பு நடுவில் சின்னவள் எழுந்தாள்.

"சார், முந்தாநேத்து பின்னாடியிருந்து ஒரு பொண்ணு சந்தேகம் கேக்கலாமான்னு கேட்டா. நீங்க பதில் சொல்லல."

"அது ஹால் சத்தம்மா. உக்காரு."

"அது எங்க அக்கா சார்."

முன் வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்து, உடனே நிறுத்திக்கொண்டார்கள். பேராசிரியர் சுண்ணக்கட்டியைக் கீழே வைத்தார். அவர் கெட்டவர் இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவரும் ஹால் சத்தத்துக்குப் பதில் சொல்லிப் பார்த்தவர்தான். பாடம் முடிய மாட்டேன் என்கிறது என்று முன் வரிசைப் பெற்றோர்கள் மேலே எழுதிப் போட்டார்கள். அதற்கப்புறம்தான் பாட்டில் வாங்கினார்.

"நான் இப்ப கேளுன்னு சொன்னாலும் அது அங்க போய்ச் சேர இன்னும் நாலு வருஷம் ஆகும்மா," என்றார். "அங்க யாரும்மா இருக்கா? யாருக்குச் சொல்லச் சொல்ற?"

"நின்னுக்கிட்டு இருக்கா சார். உக்கார்ற சத்தம் வரவே இல்ல."

அவர் பாட்டிலை எடுத்தார், குடிக்காமலே வைத்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பினார். அப்படித் திரும்பும்போது அவர் தோள் ஒரு கணம் தொங்கியதைச் சின்னவள் பார்த்தாள். அதனால் அவளுக்குக் கோபம் குறையவில்லை. அவளே பின்பக்கம் திரும்பி நின்று, அத்தனை வரிசைத் தலைகளையும் தாண்டிப் போகிற மாதிரி சொன்னாள்: "கேளுக்கா. என்ன வேணுமோ கேளு." இரண்டாம் வரிசை முகங்களில் எந்த மாற்றமும் இல்லை. அது அவர்களுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை.

அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். "தேர்வு நேரத்துல பாதி வகுப்புல எந்திரிச்சுப் போனா இந்த வருஷம் எழுத விட மாட்டாங்க, தெரியும்ல?" என்றார் பேராசிரியர், பலகையைப் பார்த்தபடியே. தெரியும் என்றாள். முன்பக்கம் ஒரு கதவு இருந்தது. அவள் அதில் போகாமல், நடைவழியில் இறங்கிப் பின்னோக்கி நடந்தாள்.

நடக்க நடக்கப் பாடம் பழையதாகிக்கொண்டு வந்தது. சில வரிசைகள் தாண்டியதும் போன மாதத்துப் பாடம் கேட்டது. அரங்கின் நடுவில் பேராசிரியரின் குரலுக்கு வயது குறைந்திருந்தது; ஏதோ ஒரு நகைச்சுவை சொல்லி அவரே சிரித்தார், இப்போதெல்லாம் அவர் அப்படிச் சிரிப்பதில்லை. இன்னும் பின்னால் போனபோது, அக்கா உயிரோடு இருந்த ஆண்டில் அவர் நடத்திய பாடம் ஒரு வரிசையில் ஓடிக்கொண்டிருந்தது. அந்த வரிசைப் பிள்ளைகள் தலையைக் குனிந்து மும்முரமாக எழுதிக்கொண்டிருந்தார்கள். இந்த ஆண்டுத் தேர்வில் அதில் ஒரு வரிகூட வராது. அவள் அந்த இடத்தில் கொஞ்சம் நின்றாள். பாடத்தின் நடுவே எங்காவது 'கேளும்மா' என்று வருகிறதா என்று கேட்டாள். வரவில்லை. வருவதற்கு வழியும் இல்லை.

கடைசி பெஞ்சில் அவளோடு விடுதியில் அறை பகிர்ந்துகொள்கிறவள் உட்கார்ந்திருந்தாள். "எங்கடி கெளம்பிட்ட?" என்றாள்.

"வீட்டுக்கு. அம்மாகிட்ட ஒன்னு சொல்லணும்."

"போன்ல சொல்லித் தொலையேன். தேர்வை வெச்சுக்கிட்டு."

"போன்ல சொன்னா அழுவா. பக்கத்துல ஆள் வேணும்."

"அப்பறம் எப்ப வருவ?"

சின்னவள் அந்தப் பெஞ்சைப் பார்த்தாள். மூன்று பேர் உட்கார வேண்டிய பெஞ்சில் நான்கு பேர் இடுக்கிக்கொண்டிருந்தார்கள். மேடை அங்கிருந்து ஒரு தீப்பெட்டி அளவுக்குத் தெரிந்தது. அதில் அசைகிறவர் எழுதுகிறாரா, கை காட்டுகிறாரா, தண்ணீர் குடிக்கிறாரா என்று சொல்ல முடியவில்லை. "நீங்க யாரும் இங்கருந்து கேக்காதீங்கடி," என்றாள். "கேக்கறதா இருந்தா நடந்து போய்க் கேளுங்க. அனுமதி கேக்காதீங்க." நால்வரும் அவளையே பார்த்தார்கள். ஒருத்தி பேனாவை மூடினாள்.

இனி அவள் திரும்பி வரப்போவதில்லை. அது தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோதே, அக்காவின் குரல் காதில் விழுந்த அந்தக் காலையிலேயே முடிவாகியிருந்தது. பின்கதவைத் தள்ளி வெளியே வந்து, வெயிலில் கண் கூச, வண்டி நிற்கும் இடத்தை நோக்கி வேகமாக நடந்தாள்.