சாணக் குழிக்கு ஓட்டு இல்லை

கூட்டத்துக்கு வந்தவர்கள்: நீர்வளத் துறை அதிகாரி, கணினிக் கருவியைச் செய்த பெண், ஓடையின் மேல்பக்கத்து மாட்டுப் பண்ணை முதலாளி, பால் கறப்பவரிலிருந்து லாரி ஓட்டுநர் வரை அவருடைய ஆட்கள் ஒரு பட்டாளம், அந்தப் பண்ணையில் கணக்கு எழுதும் கொழுந்தன், ஓடையின் கீழ்ப்பக்கத்தில் கீரை போடும் அவனுடைய அண்ணி.

அவளுடைய கீரையைச் சந்தையில் தொடக்கூட மாட்டோம் என்றுவிட்டார்கள். இலையில் சாணக் கிருமியாம். ஓடைத் தண்ணீரை விட்டால் அவளுக்குப் பாய்ச்ச வேறு தண்ணீர் கிடையாது. கிருமி யார் இடத்திலிருந்து வருகிறது என்று காட்ட ஒரு கருவி வருகிறது, காட்டப்பட்டவர் சரிசெய்தே ஆக வேண்டும், பிறகு கீரைக்குத் தடை நீங்கும் என்று அதிகாரி சொல்லியிருந்தார். கருவி என்னென்ன கேட்க வேண்டும் என்பதை விவசாயிகளே முடிவு செய்யலாமாம். அதை நம்பித்தான் வந்தாள்.

சுவரில் கேள்வித் தாள்கள். ஆளுக்கு மூன்று ஒட்டுப் பொட்டுகள். அதிகப் பொட்டு விழுந்த கேள்வி கருவிக்குள் போகும், மற்றது குப்பைக்கு.

'சாணக் குழி மழையில் நிரம்பி வழிகிறதா?' என்ற தாளில் அவள் மூன்றையும் ஒட்டினாள். பண்ணை ஆட்கள் அந்தத் தாளை, கடன்காரன் வீட்டைக் கடப்பதுபோலக் கடந்துபோய், 'வெளியில் மேயும் விலங்குகள் எத்தனை?' என்பதில் ஈ மொய்த்த மாதிரி ஒட்டினார்கள். முதலாளியின் மாடுகள் கொட்டகையை விட்டு வெளியே வந்ததே இல்லை. கொழுந்தனும் அங்கேதான் ஒட்டினான், அவள் பக்கம் திரும்பாமல்.

கருவி செய்த பெண் விவரங்களை அடித்துத் திரையில் வரைபடமாகக் காட்டினாள்; கிருமி வரும் இடம் சிவப்பு, வராத இடம் பச்சை. பண்ணை பச்சைப்பசேல் என்று இருந்தது. நாலு ஆடு மேயும் கீரைக்காரி நிலம் ரத்தச் சிவப்பு.

"அக்கா, ஆட்டுக்கு வயிறு சரியில்லையோ?" என்றார் லாரி ஓட்டுநர். அறையே சிரித்தது.

"நாலு ஆட்டுப் புழுக்கையிலயா ஓடை நாறுது? மழை வந்தா மேல குழி பொங்கி வழியுதே, அது என்ன பன்னீரா?"

"பெரும்பான்மைக் கருத்தும்மா," என்றார் அதிகாரி. "நாங்க எதையும் திணிக்க மாட்டோம்."

"கிருமி என்ன, பெரும்பான்மை பாத்தா ஓடையில எறங்குது?"

முதலாளி தொண்டையைச் செருமினார். "எங்க ஆளுங்களுக்கும் கருத்து இருக்கும்மா. அவங்களுக்கு வாயில்லையா?"

"இருக்கு. அதுல நீங்க போட்ட சோறும் இருக்கு."

கருவி செய்த பெண் நிமிரவில்லை. "குழிக் கேள்விய நான் மொதல்லயே வச்சிருந்தேங்க்கா," என்றாள் மெல்ல. "பொட்டு கொறஞ்சா எடுத்துடணும்னு சார் சொல்லிட்டாரு."

"அதெல்லாம் அடுத்த தடவை பாத்துக்கலாம்," என்று அதிகாரி அவசரமாகத் தாள்களைச் சுருட்டினார். எல்லாரும் ஒருமனதாக ஒப்புக்கொண்டதாக எழுதிவிடுவாராம். "வெளிய சாப்பாட்டுப் பொட்டலம் இருக்கு, எடுத்துக்குங்க."

பட்டாளம் முண்டியடித்துக்கொண்டு வெளியேறியது. கொழுந்தன் மட்டும் பின்தங்கி அவளிடம் வந்தான்.

"தப்பா நெனைக்காதீங்க அண்ணி. எனக்கும் பொழப்பு ஓடணும்ல."

"ஓடட்டும் தம்பி. அதுக்கு என் வயித்துலயா அடிப்ப?"

"ஒரு பொட்டுதான..."

"மூணு. நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். போ, உன் பொட்டலத்தை வேற எவனாவது தூக்கிடப் போறான்."

முதலாளி கைப்பையை எடுத்தார். அவள் அவரைத் தாண்டிக் கதவருகே போய் நின்றாள்.

"பாப்பா, அந்தக் குழிக் கேள்விய மறுபடி எடுத்து வை. பதில் சொல்ல வேண்டியவரு இங்கயேதான் இருக்காரு. அதிகாரியும் இருக்காரு. வேற யாரும் வேணாம்."

அந்தப் பெண் ஒரு கணம் அதிகாரியைப் பார்த்தாள். பிறகு கணினியைத் திறந்தாள்.

"என்னம்மா இது கூத்து?" என்றார் அதிகாரி.

கொழுந்தன் வாசலைத் தாண்டி, "அண்ணி, வேணாம்..." என்று திரும்பினான். அவன் முகத்துக்கு நேரே அவள் கதவைச் சாத்தி, பூட்டில் தொங்கிய சாவியைத் திருப்பினாள்.