விளக்கு வெளிச்சத்தில் எடுத்தது

ஈப்போ நகரத்து வீட்டின் முன் ஹாலில் ஐயாவுவின் உடலைக் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டில் எண்ணெய் விளக்கு மட்டும் எரிந்தது. வெளியே மழை இருட்டு. கண் ஆப்பரேஷனுக்குப் பிறகு அவருக்கு டியூப் லைட் கூசும். மனைவி வீரம்மா இன்றும் அதைப் போடவிடவில்லை.

மூத்த மகன் தனேஸ்வரன் கல்யாண வீடியோ எடுப்பவன். வெளிநாட்டில், பெர்த் நகரில் இருக்கும் தம்பி கோகிலனால் நாலு மணி தகனத்துக்கு வந்து சேர முடியாது. அவனுக்காக அப்பாவின் முகத்தைக் கேம்கார்டரில் ஒரு நிமிடம் எடுத்து அனுப்பினான்.

கோகிலன் உடனே அழைத்தான்.

“அண்ணே, அப்பா மூச்சு விடுறாரு லா. உதடு அசையுது. டாக்டரக் கூப்பிடு.”

“அது கேமராடா. இருட்டுல எடுத்தா படம் புள்ளி புள்ளியா நெளியும்.”

“தொட்டுப் பாத்தியா?”

தனேஸ்வரன் தொட்டுப் பார்த்தான். “ஜில்லுன்னு இருக்குடா.”

“நீ சொல்லாத. எனக்குக் காட்டு.”

தனேஸ்வரன் அம்மாவிடம் திரும்பினான். “லைட்டப் போடணும்மா. அப்பா உயிரோட இருக்காருங்கிறான்.”

வீரம்மா எழுந்து வந்து ஐயாவுவின் கண்களைக் கையால் மறைத்துக்கொண்டாள். “போடு.”

“கைய எடும்மா. முகம் தெரியல.”

கொஞ்ச நேரம் கழித்துத்தான் எடுத்தாள்.

இரண்டாவது வீடியோவில் எல்லாம் தெளிவாக இருந்தது. நெற்றியில் திருநீறு, மூக்கில் பஞ்சு. எதுவும் அசையவில்லை.

“சரிண்ணே,” என்றான் கோகிலன். “இப்ப தெரியுது.”

வீரம்மா போய் லைட்டை அணைத்தாள்.