கல்லுப்பு முடிச்சு

டிரெய்லர் நின்றிருந்த இடத்தைக் கூட்டிக்கொண்டிருந்த மரகதம் துடைப்பத்தைப் பிடித்தபடியே நின்றுவிட்டாள். சிமென்ட் தரையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறை. நடுவே செம்பழுப்பாக இன்னும் ஈரம் இருந்தது. ஓரத்தைச் சுற்றிலும், கோலமாவை நுனிவிரலால் கிள்ளி இழுத்ததுபோல, மெல்லிய வெள்ளைக் கோடு. ஷெட்டுக்குள் வேறு யாரும் அவளைப் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு குந்தி உட்கார்ந்தாள். விரலால் அந்த வெள்ளையைத் தொட்டு நாக்கில் வைத்தாள். உப்பு கரித்தது.

பீன்யா தொழிற்பேட்டையில் அந்த ஷெட்டைச் சுற்றி லேத் பட்டறைகளும் பவுடர் கோட்டிங் கடைகளும்தான். கடல் என்ன, ஒரு நல்ல ஏரிகூட அருகில் இல்லை. ஆனாலும் அங்கே நாள் முழுக்கப் பேச்சு கடலைப் பற்றித்தான். படகை ஏற்றிச் செல்லும் டிரெய்லர்கள் அங்கே தயாராகி கடற்கரை ஊர்களான மல்பேவுக்கும் கார்வாருக்கும் போயின. படகை இறக்க வேண்டுமானால் டிரெய்லரையே பின்பக்கமாகக் கடலுக்குள் விட வேண்டும். சக்கரம் முங்கும், அச்சு முங்கும், சட்டம் பாதி முங்கும். சாதாரண வண்டிக்கு வருகிற துரு வேறு, இதற்கு வருகிற துரு வேறு. இது வெளியே தெரியாமல் உள்ளேயிருந்து தின்றுகொண்டு வரும். அதனால் முதலாளி ஜெயராஜ் சார் உப்பு என்ற சொல்லைக் கேட்டாலே எழுந்து நிற்பார். தேய்த்துச் சுத்தமாக்கிய இரும்பை வெறுங்கையால் யாரும் தொடக் கூடாது, வியர்வை பட்ட இடத்தில் மறுநாளே விரல் ரேகை துருவாக எழும்பிவிடும் என்பார். பருத்திக் கையுறை மாட்டாமல் உள்ளே கால் வைக்க முடியாது. "அழணும்னா வெளிய போய் அழுதுட்டு வாங்கக்கா, கண்ணீர் சொட்டுனா சார் புது பெயின்ட் கேப்பாரு" என்று உடன் வேலை செய்யும் ஐரின் கேலி செய்வாள்.

மரகதத்தின் வேலை கடைசிக் கட்டம். வெல்டிங் முடிந்து வருகிற சட்டத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, தின்னரால் துடைத்து, துத்தநாக பிரைமர் அடித்து, அதன்மேல் பெயின்ட் அடிப்பாள். பிறகு நீளமான குழலை ஒவ்வொரு சதுரக் குழாய்க்குள்ளும் விட்டு மெழுகெண்ணெயைப் பீய்ச்சுவாள். உள்ளே போகிற தண்ணீர் வெளியே வர ஒவ்வொரு குழாயின் அடியிலும் ஒரு ஓட்டை உண்டு. பெயின்ட் அதை அடைத்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எல்லாம் ஆன பிறகு குழாய்களின் வாயில் மூடியை வைத்துத் தட்டுவாள். அவள் தட்டிய மூடியை வேறு யாரும் திறந்து பார்ப்பதில்லை.

அதுதான் அவளுக்கு வசதியாகப் போயிற்று.

சட்டத்தின் முன்பக்கம் ஒற்றைக் குழாயாக நீண்டு, இழுக்கிற வண்டியின் கொக்கியில் போய் மாட்டும். பட்டறையில் அதை மூக்கு என்பார்கள். படகின் பாரமும் டிரெய்லரின் பாரமும் சேர்ந்து இழுபடுவது அந்த மூக்கில்தான். முன்பு டிரெய்லர் இழுத்துப் போய்க்கொண்டிருந்த டிரைவருக்கு ஷிராடி மலைப்பாதையில் கொக்கி கழன்று, டிரெய்லர் வந்து வண்டியின் முதுகில் ஏறியது. ஆள் பிழைத்தான், கால் பிழைக்கவில்லை. அந்த வேலைக்குத்தான் அவள் கணவன் முனிகிருஷ்ணன் போனான். வேலைக்காகக் கோலாருக்கு ரயிலில் போய் வந்து அலுத்தவன், வீட்டருகிலேயே ஒரு ஸ்டியரிங் கிடைத்ததே என்று சந்தோஷப்பட்டான். மரகதத்துக்கு அன்றிலிருந்து தூக்கம் போயிற்று.

இன்று இங்கே நின்றிருந்ததுதான், இரண்டு வருடத்துக்கு முன் அவன் முதன்முதலாக இழுத்துப்போக இருந்த டிரெய்லர். முந்தின நாள் வீட்டில் அவன் தூங்கும்போது தலையைச் சுற்றிக் கல்லுப்பு எடுத்தாள். சுற்றிய உப்பைத் தண்ணீரில் கரைத்துவிடுவதுதான் வழக்கம். அவளுக்கு அது போதவில்லை. அவனுடைய பழைய நீலக் கட்டம் போட்ட லுங்கியில் ஒரு துண்டு கிழித்து, அதில் அந்த உப்பையும் ஒரு துண்டு படிகாரத்தையும் வைத்து, மஞ்சள் தடவிய நூலால் இறுக்கி முடிச்சுப் போட்டாள். கடைகளின் வாசலில் கட்டித் தொங்கவிடுவதில்லையா, அதுபோல. ஆனால் ஜெயராஜ் சாரின் டிரெய்லரில் உப்பைக் கட்டித் தொங்கவிட முடியுமா? மெழுகெண்ணெய் அடித்து முடித்த கையோடு, மூக்குக் குழாய்க்குள் அதைத் தள்ளி, கம்பியால் உள்ளே குத்தி அனுப்பி, மூடியைத் தட்டிவிட்டாள். அப்போது அவளுக்குக் கடல் உப்பு வேறாகவும் இந்த உப்பு வேறாகவும் இருந்தது. கடலில் இருப்பது இரும்பைத் தின்கிற உப்பு. இது அவனைக் காக்கிற உப்பு.

டிரெய்லர் இரண்டு மழைக்காலம் கடலோரத்தில் உழைத்துவிட்டு, பேரிங் மாற்றவும் பெயின்ட் அடிக்கவும் திரும்பி வந்திருந்தது. ஓஸ் பைப்பால் கழுவியபோது மற்ற ஓட்டைகளிலிருந்தெல்லாம் தண்ணீர் ஒழுகியது. மூக்கின் ஓட்டையில் மட்டும் ஒழுகவில்லை. அவள் பார்த்தாள். காய்ந்திருக்கிறது, நல்லதுதான் என்று நினைத்தாள். வெளிப்பக்கம் ஒரு புள்ளி துருவில்லை. அவளே அதன்மேல் புதுப் பெயின்ட் அடித்து வழவழவென்று ஆக்கினாள். இன்று காலை, வாடிக்கையாளரின் புதுப் படகு ஒன்றை அதன்மேல் கட்டி, முனிகிருஷ்ணன் கையசைத்துவிட்டுக் கிளம்பிப் போனான்.

இப்போது புரிந்தது. முடிச்சு நகர்ந்து நகர்ந்து ஓட்டையின் மேல் போய் உட்கார்ந்திருக்கிறது. உள்ளே போன கடல்நீர் வெளியே வர வழியில்லாமல் அங்கேயே தேங்கியிருக்கிறது. கூடவே அவள் வைத்த உப்பும். டிரெய்லரை மூக்குப் பக்கம் தாழ்த்தி ஸ்டாண்டில் நிறுத்தியதில்தான் எங்கிருந்தோ கசிந்து இந்தக் கறை. ஓட்டை வழியாகக் கசிந்ததா, இல்லை குழாயே ஓட்டையாகிவிட்டதா?

கைபேசியை எடுத்து அவனுக்கு அடித்தாள். மணி போனது, எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். ஓட்டும்போது போன் எடுக்கக் கூடாது என்று தாலியின் மேல் கைவைத்துச் சத்தியம் வாங்கியிருந்தவள் அவள்தான். முதலாளி கூப்பிட்டால் மட்டும் ஓரம் கட்டி எடுப்பான்.

அப்படியென்றால் ஜெயராஜ் சாரிடம் போக வேண்டும். போனால் சொல்ல வேண்டும். வேலை போகும் என்பதுகூட அப்போது இரண்டாவதாகத்தான் தோன்றியது. திருஷ்டி கழித்துப் போட்டதை வாய்விட்டுச் சொன்னால் கட்டு அவிழ்ந்துவிடும். காவல் போய்விடும். அவன் மலையில் இறங்கிக்கொண்டிருக்கும்போதா அதைச் சொல்வது? சொல்லாவிட்டால் அந்த மூக்கு. சொன்னால் அந்தக் கட்டு. துடைப்பத்தைச் சுவரில் சாய்க்கப் போனாள், அது சரிந்து விழுந்தது. கூடவே ஐரின் குரல் கேட்டது.

"இன்னாக்கா, பேயறைஞ்ச மாரி நிக்கிற? ஊருக்குப் போன மனுசன் நெனப்பா?"

"சார் எங்கடி?"

"உள்ளதான். டிபன் பாக்ஸ தொறந்துகினு கீறாரு. இப்ப போவாத, கடிப்பாரு."

மரகதம் சாரின் கண்ணாடி அறைக்குப் போனாள். ஜெயராஜ் சார் ரிச்சர்ட்ஸ் டவுன்காரர், சாப்பாட்டுக்கு முன் கண்மூடிச் சிலுவை போட்டுக்கொள்வார். அது முடியும்வரை அவள் வாசலிலேயே நின்றாள்.

"என்ன மரகதம்?"

"சார், அந்த வண்டி நின்ன எடத்துல துருத்தண்ணி கீது."

"வாஷ் பண்ண தண்ணிம்மா. சொல்ப நேரத்துல காஞ்சிடும்."

"இல்ல சார். உப்பு கரிக்குது."

கையிலிருந்த ஸ்பூன் நின்றது. "நக்கிப் பாத்தியா?"

அவள் தலையாட்டினாள். அவர் எழுந்து அவளுக்கு முன்னால் நடந்தார். கறையருகே முழங்காலிட்டு, தானும் விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். பின்னாலேயே வந்த ஐரின் சிரிக்க வாயெடுத்து, அவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள்.

"எந்தப் பக்கம் நின்னுச்சு இது?"

"மூக்கு, சார்."

அவர் கைபேசியில் வண்டி இருக்குமிடம் காட்டும் படத்தைத் திறந்தார். பச்சை நிறத்தின் நடுவே ஒரு நீலப் புள்ளி. சக்லேஷ்பூரைத் தாண்டி, ஷிராடி மலைப்பாதை மடிந்து மடிந்து இறங்கத் தொடங்குகிற இடத்தில் அது மெல்ல ஊர்ந்தது. ஒவ்வொரு வளைவிலும் அது ஒரு கணம் நின்று பிறகு நகர்ந்தது. நிற்கும்போதெல்லாம் மரகதத்துக்கு மூச்சு நின்றது. அவர் ஸ்பீக்கரைப் போட்டு அழைத்தார். டவர் இல்லை என்று கன்னடத்தில் ஒரு பெண் குரல் நிதானமாகச் சொன்னது. மறுபடி அழைத்தார். மறுபடியும் அதே நிதானம். அந்தக் குரலின்மேல் மரகதத்துக்கு ஆத்திரமாக வந்தது. பிறகு மணி போனது. புள்ளி நின்றது. இந்த முறை நகரவில்லை.

"சார்?" முனிகிருஷ்ணனின் குரல். "ஓரமா நிறுத்திட்டேன், சொல்லுங்க."

ஜெயராஜ் சார் குனிந்து கைபேசியில் பேசினார்.

"முனி, எறங்கு. ஸ்பானர் எடு. டிரெய்லர் மூக்கைத் தட்டிப் பாரு."

"இன்னாத்துக்கு சார்? புதுப் பொண்ணாட்டம் பளபளன்னு கீது. நம்ம மரகதம்தான் பூசிச்சு."

"தட்டுடா."

கதவு சாத்துகிற சத்தம். காற்று. பிறகு டிங் என்று இரும்பு பேசியது. டிங். டிங். கோயில் மணிபோல நல்ல சத்தம். ஜெயராஜ் சாரின் முகம் சற்று இளகியது.

"முன்னால வா. கொக்கி கிட்ட. அடிப்பக்கம்."

டிங். டிங். அடுத்தது அப்படிக் கேட்கவில்லை. ஈர மண்ணில் அடித்ததுபோல, தொப்பென்று. ஐரின் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"சார்…" அவன் குரலில் விளையாட்டு போயிருந்தது. "ஸ்குரூ டிரைவர வெச்சு அமுக்குனேன். உள்ள போயிடுச்சு. அப்பளமாட்டம் நொறுங்குது சார்."

"அசைக்காத. எல்லா வீலுக்கும் கல்லு வை. நீ மூக்குக்கு முன்னால நிக்காத, பக்கவாட்டுல நில்லு. கிரேனுக்கு நான் சொல்றேன்." ஜெயராஜ் சாரின் நெற்றியில் வியர்வை வழிந்தது. அது தரையில் சொட்டியதை அவர் கவனிக்கவில்லை. "எப்படி? மூணு கோட்டு மெழுகு அடிச்சமே. ஓட்டை இருக்கே. தண்ணி எப்படி நிக்கும்?"

கல் உருட்டுகிற சத்தம் கேட்டது. அவன் மூச்சிரைத்தான். "ஓட்டைய என்னமோ அடைச்சிகினு கீது சார். துணி மாரி. இருங்க, இழுக்கிறேன்."

"துணியா? யாரு வெச்சது?"

தொலைவில் ஒரு ஹார்ன் வளைவுக்கு வளைவு எதிரொலித்து அடங்கியது. மரகதம் தன் விரல் நுனியைப் பார்த்தாள். கறையிலிருந்து தொட்ட வெள்ளை அங்கே காய்ந்து ஒட்டியிருந்தது.

"முனி? லைன்ல இருக்கியா?"

"கீறேன் சார்." மெல்லச் சொன்னான். "நீலக் கட்டம் போட்ட துணி." பிறகு, "சார், ஸ்பீக்கர்லயா கீது?" என்று கேட்டான்.

"ஆமா. ஏன்?"

"மரகதம் பக்கத்துல கீதா?"

"இங்கதான் நிக்குது."

"ஸ்பீக்கர அணைச்சிட்டு அதுகிட்ட குடுங்க சார். ஒரு வார்த்தை."

ஜெயராஜ் சார் கைபேசியைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். நீட்டினார். அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கி, காதோடு அழுத்தி வைத்தாள். பாரம் ஏற்றிய லாரி ஒன்று அவனைக் கடந்து முனகி முனகி மலையேறிப் போவது கேட்டது. அது போய் முடியட்டும் என்று அவன் காத்திருந்தான். அவளும் காத்திருந்தாள். கூரைத் தகட்டின் இடுக்கு வழியே வெயில் நகர்ந்து கறையின்மேல் வந்து விழுந்திருந்தது. ஈரம் வற்ற வற்ற அந்த வெள்ளைக் கோடு ஓரத்திலிருந்து உள்நோக்கி ஊர்ந்துகொண்டிருந்தது.