அணை விளக்கு

படத்தின் கீழே ஒட்டியிருந்த அட்டையை அவள் இரண்டாவது முறையும் படித்தாள். செத்துப்போன அண்ணன் வரைந்த ஆற்றங்கரை இரவுப் படத்தைக் கண்காட்சிக்குக் கொடுத்த பாவத்துக்கு, அதன் கீழே இப்படியா எழுதி ஒட்டுவார்கள்? "கரிய நீர் மரணம். தூரத்து ஒற்றை விளக்கு, 'அணை விளக்கு' என்று ஓவியரே பெயரிட்டதுபோல், அணையப்போகும் உயிர். பக்கத்துச் சிவப்பு ரத்தம். தன் முடிவை முன்பே தீர்மானித்துவிட்டவரின் படம் இது."

அண்ணன் போன வருடம் அதே கரையில் வழுக்கி விழுந்து இறந்தான். தானே குதித்தான் என்று ஊரில் வாய் கூசாமல் பேசினார்கள். அந்தப் பேச்சை அடக்க அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. இப்போது அதையே அச்சடித்து ஒட்டியிருக்கிறார்கள். ஐந்து மணித் திறப்பு விழாவுக்கு அண்ணன் மகள் வேறு வருகிறாள்.

நேராகப் போய்க் கண்காட்சிப் பொறுப்பாளரைப் பிடித்துப் படத்துக்கு முன்னால் இழுத்து வந்தாள்.

"அணை விளக்குன்னா அணையில எரியுற விளக்கு சார். தண்ணி தேக்குற அணை. முப்பது வருஷம் அங்க மதகு ஷட்டர் ஏத்தி இறக்கினவ நான். பக்கத்துல சிவப்பு விளக்கு எரிஞ்சா ஷட்டர் திறந்திருக்குன்னு அர்த்தம். ரத்தமாம் ரத்தம்."

அவர் சிரித்தார். "கலையில ரெண்டு அர்த்தம் இருக்கலாம்மா. அட்டையும் அச்சாயிடுச்சு."

"எங்கண்ணனுக்கு ஒரே அர்த்தம்தான். ராத்திரி டூட்டிக்கு அணை மேல தனியா நடந்து போவேன். நான் ஷட்டர் அறைக்குள்ள போய் விளக்கைப் போட்டாத்தான் அவன் கரையை விட்டு நகருவான். எவ்வளவு இருட்டா வரைஞ்சிருக்கான் பாருங்க. அந்த இருட்டு பூரா அவனோட பயம். தங்கச்சி பத்திரமா சேர்ந்துட்டாங்கறதுதான் அந்த வெளிச்சம்."

உலகத்துக் கலையெல்லாம் தன் குத்தகையில் இருப்பதுபோல் அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அடுத்த கண்காட்சியில பார்க்கலாம்."

பின்னால் அண்ணன் மகள் நின்றிருந்தாள். சொன்ன நேரத்துக்கு முன்பே வந்து, அட்டையைப் படித்தும் முடித்திருந்தாள்.

"அத்தை, அப்பா தெரிஞ்சேதான் தண்ணியில இறங்கினாரா? நீங்க எங்கிட்ட மறைச்சுட்டீங்களா?"

அத்தை அட்டையைப் பிய்த்துப் பொறுப்பாளர் கையில் திணித்தாள். "ரெண்டு அர்த்தம்னீங்களே சார். இந்தப் பொண்ணுக்கு எதைச் சொல்லப்போறீங்க? நீங்களே சொல்லுங்க."

அவர் அட்டையைப் பார்த்தார். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"தண்ணி தேக்குற அணைம்மா," என்றார் மெதுவாக. "நான்தான் தப்பாப் படிச்சுட்டேன்."

"அதையே எழுதி ஒட்டுங்க," என்றாள் அத்தை.